வெயில் கொளுத்துகிறது... சார்ஜ் ஏன் ஏறவில்லை?

சக்கரத்தின் மேல் ஒரு வீடு! அதன் கூரையில் ஒரு குட்டி மின்சார நிலையம்! அதில் குறை வந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

இப்படி ஒரு காட்சியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம். கத்திரி வெயில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஓரகடம் தாண்டி, ஒரு புளிய மரத்தடியில் பெரிய வண்டி ஒன்று நிற்கிறது. வெளியே இருந்து பார்த்தால் பஸ். உள்ளே எட்டிப் பார்த்தால் வீடு! கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. சின்ன பிரிட்ஜும் இருக்கிறது.

அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஏலகிரி மலைக்குப் போய்விட்டுத் தாம்பரம் திரும்பும் குடும்பம். புறப்பட்டு மூன்று நாள் ஆகிறது.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. பிறகு நின்றுவிடுகிறது. பிரிட்ஜின் விளக்கும் அணைகிறது.

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய இன்சுலின் அந்தப் பிரிட்ஜில்தான் இருக்கிறது.

"கூரை மேலே சோலார் இருக்கு. வெயில் நெருப்பாய்க் கொளுத்துது. சார்ஜ் மட்டும் ஏறவில்லையே!" என்று அப்பா தலையில் கை வைக்கிறார்.

நண்பர்களுக்குப் போன் போடுகிறார். "பாட்டரி போயிடுச்சு. புதுசு வாங்கு" என்கிறார் ஒருவர். "பேனல் போயிருக்கும். மாத்திடு" என்கிறார் இன்னொருவர். எதை மாற்றினாலும் பல ஆயிரம் ரூபாய் செலவு!

அப்போது பாட்டி வாய் திறக்கிறார். அவர் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்.

"ஏரியிலே தண்ணி இல்லேன்னா புது ஏரியா வாங்குவாங்க? வரத்துக் கால்வாயைப் போய்ப் பார்க்க மாட்டாங்களா?"

பாட்டி சொன்னதுதான் சரியான வழி!

பாட்டரி ஒரு ஏரி. பேனல்தான் மழை பிடிக்கும் நிலம். கம்பிதான் வரத்துக் கால்வாய். நடுவில் இருக்கும் கண்ட்ரோலர்தான் மதகு. ஏரி நிரம்பவில்லை என்றால் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஏரியைக் குறை சொல்லக்கூடாது.

கேரவன் வந்த கதை

'கேரவன்' என்பது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். பாலைவனத்தைக் கூட்டமாகக் கடக்கும் வியாபாரிகளுக்கு அந்தப் பெயர். பிறகு வீடு போன்ற வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் சினிமா நடிகர் நடிகைகள்தான் நினைவுக்கு வருவார்கள். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவர்கள் ஓய்வு எடுக்கும் வண்டி அது. இப்போது குடும்பங்களும் கேரவனில் போகின்றன. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. 2023-இல் வெளிவந்த தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றது.

சக்கரமும் சோலாரும் சேருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய மின்சாரத்தில் ஓடும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதற்காக 2020-இல் ஸ்வீடன் நாட்டின் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டிலும் அவர் பேசினார்.

வண்டியும் இங்கே! பேனலும் இங்கே!

ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் பகுதி ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன.

ஓரகடத்தில் 2012-இல் டைம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே பாரத் பென்ஸ் லாரிகளும் பஸ்களும் தயாராகின்றன. கேரளத்தின் கேரவன் திட்டத்துக்கு 2021-இல் அறிமுகமான முதல் வண்டியும் பாரத் பென்ஸ்தான்.

அதே ஓரகடத்தில் 2021-இல் விக்ரம் சோலார் கம்பெனி பேனல் தொழிற்சாலை தொடங்கியது. பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பர்ஸ்ட் சோலார் கம்பெனியின் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,300 மெகாவாட் அளவுக்குப் பேனல் செய்யக்கூடிய ஆலை அது.

பெரிய மின் நிலையங்களுக்குப் போகும் பேனலும், கேரவன் கூரையில் இருக்கும் சின்னப் பேனலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

வெளிச்சம் எப்படி மின்சாரம் ஆகிறது?

1954-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தைக் காட்டினார்கள். சிலிக்கான் என்ற பொருளால் ஆன மெல்லிய தகட்டின் மேல் வெளிச்சம் பட்டது. உடனே மின்சாரம் ஓடியது! புகை இல்லை. சத்தம் இல்லை. சுழலும் சக்கரம் இல்லை.

அந்தத் தகட்டுக்கு 'செல்' என்று பெயர். ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம். அதனால் பல செல்களை வரிசையாகக் கோத்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து மூடுகிறார்கள். அதுதான் பேனல். 12 வோல்ட் பாட்டரிக்கான பேனலில் சாதாரணமாக 36 செல்கள் இருக்கும்.

பேனலின் மின்சாரம் கம்பி வழியாகக் கண்ட்ரோலருக்கு வருகிறது. பாட்டரிக்கு எவ்வளவு அனுப்பலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை அது கவனித்துக்கொள்கிறது. இந்த வழியில் எங்கே தடை வந்தாலும் சார்ஜ் ஏறாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இது குறைதானா?

சார்ஜ் குறைவாகக் காட்டினாலே கோளாறு என்று நினைக்கக்கூடாது.

பாட்டரி நிரம்பிவிட்டால் கண்ட்ரோலர் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துவிடும். ஏரி நிரம்பினால் மதகை மூடுவது போல! பகல் 12 மணிக்கு மீட்டரில் அரை ஆம்பியர்தான் காட்டுகிறதா? பாட்டரியைப் பாருங்கள். அது நிறைந்திருந்தால் எல்லாம் நலம் என்று பொருள்.

காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பேனல் கொஞ்சமாகத்தான் தரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் அப்படித்தான். மேகம் இல்லாத நாளில், பகல் 11 மணி முதல் 1 மணிக்குள் சோதித்துப் பார்ப்பதே சரி.

2. நிழல் என்னும் எதிரி

வெயிலுக்குப் பயந்து வண்டியை மரத்தடியில் நிறுத்துகிறோம். நமக்குச் சுகம். பேனலுக்குப் பட்டினி!

"கொஞ்சம் நிழல்தானே? பாதிப் பேனலில் வெயில் படுகிறதே?" என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

கிணற்றிலிருந்து பத்துப் பேர் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுகிறார்கள். நடுவில் ஒருவர் சும்மா நின்றுவிட்டால் என்ன ஆகும்? மொத்த வரிசையும் நின்றுவிடும். பேனலில் செல்களும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லை நிழல் மூடினால் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். இதைச் சமாளிக்கப் பேனலில் 'டயோடு' என்ற மாற்று வழி வைத்திருப்பார்கள். இருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

மரம் மட்டும் நிழல் போடும் என்பதில்லை. கூரை மேல் இருக்கும் ஏ.சி. பெட்டி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து லாரி, மின் கம்பம், காய்ந்த இலை, காக்கை எச்சம் எல்லாமே நிழல்தான்.

நிறுத்தும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிலாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் ஆறு சக்கர வண்டி. எடை 26 கிலோ. சோலார் பேனலில் 50 வாட் மின்சாரம்.

நிலாவில் இரவு வந்தால் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள் இருட்டு. அதனால் இரவு வருமுன் பிரக்யானின் பாட்டரியை நிரப்பினார்கள். அடுத்த சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் படும்படி பேனலைத் திருப்பி நிறுத்தினார்கள். கடுங்குளிரில் கிடந்த அந்த வண்டி மறுபடி விழிக்கவில்லை. ஆனாலும் பாடம் ஒன்று உண்டு. நிலாவில் கூடப் பேனலைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள்!

3. தூசி

ஓரகடம் சாலையில் லாரி ஓட்டம் அதிகம். ஒரு வாரம் நின்றால் போதும், பேனலின் கண்ணாடி மங்கிவிடும்.

2004-இல் செவ்வாய்க் கிரகத்தில் அமெரிக்காவின் ஆப்பர்சூனிட்டி என்ற வண்டி இறங்கியது. 90 நாள் ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள். அது 14 வருடம் உழைத்தது! அதன் பேனலில் தூசி படியும். காற்று வந்து துடைத்துவிடும். மறுபடி தெம்பு வரும். 2018-இல் பெரிய புழுதிப் புயல் சூரியனையே மறைத்துவிட்டது. சார்ஜ் இல்லாமல் வண்டி ஓய்ந்துபோனது.

நம் வண்டிக்குக் காற்று தேவை இல்லை. ஈரத் துணி போதும்!

காலையில் அல்லது மாலையில் துடைக்க வேண்டும். நடுப்பகலில் கொதிக்கும் கண்ணாடியின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விழலாம். கம்பி நார், சாம்பல், சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கக்கூடாது. கண்ணாடி கீறிப் போகும். பேனலின் மேல் ஏறி நிற்கவும் கூடாது.

4. சூடு

"கத்திரி வெயிலில்தான் பேனல் அதிகம் தரும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அல்ல. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் போடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் சக்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். மே மாத வெயிலில் தகரக் கூரையின் மேல் பேனல் 65 டிகிரி வரை சூடாகலாம். அப்படியானால் 40 டிகிரி அதிகம். சக்தியில் 16 சதவீதம் போய்விடும். 100 வாட் பேனல் 84 வாட்தான் தரும்.

ஆகவே பேனலைக் கூரையோடு ஒட்டிப் பதிக்கக்கூடாது. சில அங்குல இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடும். சூடு தணியும்.

5. கம்பி

வீடு நகராது. கேரவன் நகரும். பள்ளத்தில் குதிக்கும். வேகத்தடையில் குலுங்கும். குலுங்கக் குலுங்க ஸ்குரூ தளரும். கம்பி அறுந்து தொங்கும். கேரவன் சோலாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பாட்டரியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? அதுதான் அடைப்பு! இணைப்பைக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். பியூஸ் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கம்பியின் பருமனும் முக்கியம். வாய்க்கால் குறுகலாக இருந்தால் தண்ணீர் தேங்கும் அல்லவா? கணக்கைப் பாருங்கள். பேனலிலிருந்து 5 மீட்டர் தூரம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஓடுவது 10 ஆம்பியர். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.3 வோல்ட்தான் வீணாகும். 12 வோல்ட் பாட்டரிக்கு 1 வோல்ட் என்பது சின்ன விஷயம் அல்ல!

6. கண்ட்ரோலர்

இங்கே மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை டி.சி. வோல்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், பேனலிலிருந்து கண்ட்ரோலருக்கு வரும் இடத்தில் பாருங்கள். வெயிலில் அங்கே பாட்டரியைவிட அதிக வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையா? குறை மேலே இருக்கிறது: பேனல், கம்பி அல்லது பியூஸ்.

அடுத்து, பாட்டரி முனையில் பாருங்கள். நல்ல வெயிலில், குறைந்துபோன பாட்டரியின் வோல்ட் மெல்ல மெல்ல 13, 14 என்று ஏற வேண்டும். பேனல் பக்கம் வோல்ட் இருக்கிறது. பாட்டரி மட்டும் 12-லேயே அசையாமல் நிற்கிறது என்றால் நடுவில் தடை இருக்கிறது. அது கண்ட்ரோலராக இருக்கலாம். அதிலிருந்து பாட்டரிக்குப் போகும் கம்பியாகவும் இருக்கலாம். கண்ட்ரோலர் முனையில் 14, பாட்டரி முனையில் 12 என்று காட்டினால் குற்றவாளி கம்பிதான்!

இன்னொன்று. எந்த வகைப் பாட்டரி என்பதைக் கண்ட்ரோலருக்கு நாம் சொல்லிவைக்க வேண்டும். ஈயப் பாட்டரிக்கு ஒரு கணக்கு; லித்தியம் பாட்டரிக்கு வேறு கணக்கு. பாட்டரியை மாற்றிவிட்டுக் கண்ட்ரோலரை மாற்றிவைக்க மறந்தால் சார்ஜ் சரியாக ஏறாது. பாட்டரியும் சீக்கிரம் கெடும்.

7. கடைசியில்தான் பாட்டரி

ஈயப் பாட்டரியைச் சோதிப்பது சுலபம். சார்ஜையும் விசிறி, விளக்குகளையும் நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்து வோல்ட் பார்க்க வேண்டும். 12.6 அல்லது 12.7 இருந்தால் நிறைந்த பாட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே போனால் ஏறக்குறைய காலி. நாள் முழுவதும் ஏற்றினாலும், இரவில் ஒரு விளக்குப் போட்டதும் சடசடவென்று இறங்குகிறதா? அப்போது பாட்டரிக்கு வயதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

ஈயப் பாட்டரியைக் காலியாகவே வாரக்கணக்கில் போட்டுவைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தகடுகளில் உப்புப் போல ஒரு பொருள் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. தண்ணீர் ஊற்றும் வகையானால் மாதம் ஒரு முறை அளவு பார்த்து, பாட்டரித் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது.

லித்தியம் பாட்டரிக்குள் ஒரு காவல்காரன் உண்டு. அளவுக்கு மீறிக் காலியானால் அது கதவைச் சாத்திவிடும். மீட்டரில் வோல்ட்டே தெரியாது. செத்துவிட்டது என்று தூக்கி எறியக்கூடாது. லித்தியத்துக்கு என்றே உள்ள சார்ஜரால் பல சமயம் எழுப்பிவிடலாம்.

8. வரவு எட்டணா, செலவு பத்தணா

எல்லாம் சரியாக இருக்கிறது. இருந்தும் மூன்றாம் நாள் விசிறி நிற்கிறது. ஏன்? குடும்பத்தின் வரவு செலவைப் போலவே மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

வரவு: 200 வாட் பேனல். ஒரு நாளில் 5 மணி நேரம் முழு வெயில் என்று வைத்தால் 1,000 வாட்-மணி. வீட்டு மீட்டர் கணக்கில் 1 யூனிட். சூடு, தூசி, கம்பி எல்லாவற்றுக்கும் கழித்தால் கையில் கிடைப்பது 700 என்று கொள்ளலாம்.

செலவு: 30 வாட் சிக்கன விசிறி 10 மணி நேரம்: 300. இரண்டு 10 வாட் விளக்குகள் 5 மணி நேரம்: 100. போன் சார்ஜ்: 50. 45 வாட் சின்ன பிரிட்ஜ், விட்டு விட்டு நாளில் 12 மணி நேரம் ஓடினால்: 540. ஆக மொத்தம் 990.

துண்டு விழுவது தினம் 290! அது பாட்டரியின் சேமிப்பிலிருந்து போகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது அதன் ஆயுளுக்குக் கேடு. ஆகவே சேமிப்பு 600. அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

முதல் நாள் சந்தோஷம். இரண்டாம் நாளும் சந்தோஷம். மூன்றாம் நாள், "பாட்டரி கெட்டுப்போச்சு" என்று பழி!

இதில் 1,500 வாட் மின்சாரக் கெட்டிலில் 10 நிமிஷம் வெந்நீர் வைத்தால் இன்னும் 250 போகும். அதாவது இரவு முழுவதும் சுற்ற வேண்டிய விசிறியின் மின்சாரத்தை ஒரு காபிக்காகச் செலவழிக்கிறோம். வெந்நீருக்கு கேஸ் அடுப்பே மேல்.

ஜாக்கிரதை!

12 வோல்ட்தானே என்று அலட்சியம் கூடாது. பாட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒரு ஸ்பேனர் பட்டால் போதும். நெருப்புப் பொறி பறக்கும். வண்டியே தீப்பிடிக்கலாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்ய வேண்டும்.

ஈயப் பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. பாட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும்.

வெயில் இருக்கும்போது பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பெரிய பேனல்கள் இரண்டு மூன்றை வரிசையாகச் சேர்த்திருந்தால் நூறு வோல்ட்டைத் தாண்டலாம். ஆளை அடிக்கும்! இணைப்பைக் கழற்றுமுன் சுவிட்சை நிறுத்த வேண்டும். பேனலைத் தடித்த போர்வையால் மூடவும் வேண்டும். கண்ட்ரோலரைக் கழற்றும்போது பேனல் கம்பி முதலில். பாட்டரிக் கம்பி பிறகு. மாட்டும்போது பாட்டரி முதலில், பேனல் பிறகு.

வண்டிக்குள் இன்வெர்ட்டர் இருந்தால் அதிலிருந்து வருவது வீட்டு மின்சாரம். 230 வோல்ட். அந்தப் பக்கம் கை வைப்பது எலக்ட்ரீஷியனின் வேலை.

மருந்து விஷயத்தில் சோலாரை மட்டும் நம்பக்கூடாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உறையவும் கூடாது. ஆகவே பயணத்தில் ஐஸ் போட்ட தெர்மாஸ் ஒன்று கூடவே இருக்கட்டும். மருந்து நேராக ஐஸில் படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

புளிய மரத்தடியில்...

நாம் நினைத்துப் பார்த்த குடும்பத்துக்குத் திரும்புவோம்.

மூத்த பெண் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பவள். முதலில் பாட்டியின் இன்சுலினைத் தெர்மாஸில் எடுத்து வைக்கிறாள். "அப்பா, முதலில் வண்டியை வெயிலுக்கு எடுங்க" என்கிறாள்.

வண்டி வெயிலுக்கு வருகிறது. கண்ட்ரோலரில் பேனல் பக்கம் வோல்ட் காட்டுகிறது. பாட்டரி முனையில் மட்டும் ஏற்றம் இல்லை.

பாட்டரிப் பெட்டியைத் திறக்கிறாள். முனையில் பச்சை பூத்திருக்கிறது. நட்டும் தளர்ந்திருக்கிறது. சுவிட்சை நிறுத்துகிறார்கள். அப்பா பேனலின் மேல் போர்வையைப் போடுகிறார். பெண் முனையைச் சுத்தம் செய்து முடுக்குகிறாள். போர்வையை எடுத்ததும் மீட்டரில் எண் நகர ஆரம்பிக்கிறது. 12.1... 12.6... 13.2!

"அவ்வளவுதானா?" என்கிறார் அப்பா.

"அவ்வளவுதான் இல்லை அப்பா. தினமும் வருவதைவிட அதிகமாகச் செலவு பண்ணியிருக்கோம். இன்னைக்கு விசிறி வேண்டாம். பிரிட்ஜ் மட்டும் ஓடட்டும். அதையும் பாட்டரி கொஞ்சம் ஏறின பிறகு போடலாம்."

செலவு? ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஸ்பேனர், ஒரு மணி நேரம். புதுப் பாட்டரி வாங்கியிருந்தால் பல ஆயிரம் போயிருக்கும். அதே பச்சை பூத்த கம்பியைப் புதுப் பாட்டரியில் மாட்டியிருந்தால் அதுவும் ஏறியிருக்காது!

வாங்குவது கடைசி. பார்ப்பது முதல். பேனலில் தொடங்கிப் பாட்டரியில் முடிக்க வேண்டும்.

பாட்டி சிரிக்கிறார். "கால்வாயைத் தூர் வாரினால் ஏரி நிறையும்னு அப்பவே சொன்னேனே!"